மேக்னிஃபிசென்ட் மிஸ் மார்வெல்: நம்பர் 1னு போட்டா புதுசா?

மொதல்லயே சொல்லிடறேன், அட்டைல பெருசா நம்பர் 1னு இருக்கேன்னு இதுலேருந்து கமலா கானை, அதான் அமெரிக்க மார்வெல் காமிக்ஸ்ல மிஸ் மார்வெல்னு வர்ற டீனேஜ் சூப்பர் ஹீரோவ, படிக்க ஆரம்பிக்காதீங்க. 2019 மார்ச்ல வந்த மேக்னிஃபிசென்ட் மிஸ் மார்வெல் பத்திதான் சொல்றேன், மொத்தம் 18 இதழ், மூணு தொகுப்பா வந்திருக்கு, மூணையும் படிச்சு முடிச்சாச்சு, அக்கா பொண்ணும் படிச்சுட்டா, அவ பத்தாவது போறா, அதனால இந்த கதைக்கு சரியான வயசு வாசகின்னு அவளத்தான் சொல்லணும், நான் சும்மா காசு குடுத்தவன்.

இந்த நம்பர் 1 வெவகாரம் தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா இது தெரியலன்னா தப்பான புக்கு வாங்கி ஏமாந்துடுவீங்க. கமலா கானோட மொதல் தொடர் 2014 பிப்ரவரில ஆரம்பிச்சது, அது 19 இதழ் ஓடுச்சு. 2015ல மார்வெல் ஒரு பெரிய உலகம் அழியற கதைய போட்டு எல்லா தொடரையும் நிறுத்தி, அந்த வருஷமே மறுபடி நம்பர் 1லேருந்து ஆரம்பிச்சாங்க, அதே எழுத்தாளர், அதே கதை, தொடர்ச்சி கூட மாறல, நம்பர் மட்டும் 1. அது 38 இதழ் போச்சு. அப்புறம் 2019ல எழுத்தாளர் மாறினாரு, மறுபடி நம்பர் 1. கூட்டிப் பாத்தீங்கன்னா 19, 38, 18, கரெக்டா 75 வரும். அஞ்சு வருஷத்துல ஒரே பொண்ணுக்கு மூணு மொதல் இதழ். அமெரிக்காவுல காமிக்ஸ் கடைக்காரங்க ரெண்டு மூணு மாசம் முன்னாடியே ஆர்டர் போடணும், விக்காத புக்க பெரும்பாலும் திருப்பி அனுப்ப முடியாது, அதனால 23ஆம் இதழ்னு இருந்தா பயந்து கம்மியா போடுவாங்க, 1னு இருந்தா தைரியமா நெறைய போடுவாங்க, சேத்து வெக்கறவங்க ஒரே இதழுக்கு வர்ற வேற வேற அட்டைக்குன்னு ரெண்டு மூணு வாங்குவாங்க. கம்பெனிக்கு லாபம், புதுசா வர்ற வாசகனுக்கு தலைவலி. சிவகாசிலேருந்து வர்ற லயன், முத்து காமிக்ஸுக்கு சந்தா கட்டி வாங்கி பழகினவங்களுக்கு இந்த அமெரிக்க கணக்கு சுத்தமா புரியாது, இங்க நம்பர் ஏற ஏறத்தான் மரியாதை, மைல்கல் இதழ்னு குண்டு புக்கு போடுவாங்க, அங்க நம்பர் ஏறினா அழிச்சுட்டு மறுபடி 1.

சரி யாரு இந்த கமலா கான்னு கேக்கறவங்களுக்கு. ஜெர்சி சிட்டில இருக்கற 16 வயசு பொண்ணு, பாகிஸ்தான்லேருந்து போய் செட்டில் ஆன குடும்பம், அப்பா யூசுஃப் பேங்க்ல வேல, அம்மா முனீபா, அண்ணன் ஆமிர் எந்நேரமும் தொழுகை தொழுகைன்னு இருப்பான், வேலைக்கு போக மாட்டான், அப்பா அவன ஓட்டிக்கிட்டே இருப்பாரு. இவ அவெஞ்சர்ஸ் பைத்தியம், அவங்கள வெச்சு சொந்தமா கதை எழுதி நெட்ல போடற டைப். ஒரு நாள் ராத்திரி வீட்டுக்கு தெரியாம பார்ட்டிக்கு போறா, திரும்பி வரும்போது டெரிஜென்னு ஒரு பனிமூட்டம் ஊர சூழ்ந்துக்குது, அதுல மாட்டி கண் முழிச்சா ஒடம்பு நீளும், சுருங்கும், கை கட்டில் சைஸுக்கு பெருசாகும். இந்த சக்தி சும்மா வராது, அடிபட்டா சரியாகும், ஆனா அதுக்கு சொந்த உருவத்துக்கு திரும்பணும், சரியானதும் கொல பசி எடுக்கும். நம்ம இரும்புக்கை மாயாவிக்கு ஒவ்வொரு தடவையும் கரண்ட் ஷாக் வாங்கினாத்தான் மறைய முடியும்ல, அந்த மாதிரி ஒரு விலை இருக்கறது எனக்கு ரொம்ப புடிக்கும். விலையே இல்லாத சக்தி போரடிக்கும்.

டீனேஜ் ஹீரோன்னாலே மூலம் ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கர்தான். அவன் வந்த 1962க்கு முன்னாடி சின்ன பசங்கன்னா ஹீரோ பின்னாடி ஓடற எடுபிடிதான் அதிகம், பையனையே ஹீரோவாக்கி அவனுக்கு வீட்டு வாடகை கவலையும் ஸ்கூல் அவமானமும் குடுத்தது அப்போதான் பெருசா க்ளிக் ஆச்சு. (நம்ம ஊரு பழைய காமிக்ஸ் பெருசுங்ககிட்ட ஸ்பைடர்னு சொன்னீங்கன்னா அவங்க பார்க்கரை நெனைக்க மாட்டாங்க, கூர் காதோட வலைத் துப்பாக்கி தூக்கிட்டு திரியற லயன் காமிக்ஸ் குற்றச் சக்கரவர்த்தியத்தான் நெனைப்பாங்க, அது தனி உலகம், அத தொட்டா நான் இந்த ரெவ்யூவ முடிக்க மாட்டேன்.) அந்த பார்க்கர் வழில வந்ததுலயே உருப்படியா வந்தது கமலாதான்னு நான் சொல்வேன். 2014 தொடர எழுதினது ஜி. வில்லோ வில்சன், வரைஞ்சது ஏட்ரியன் அல்ஃபோனா, எடிட்டர் சனா அமானத். மொதல் தொகுப்பு நோ நார்மல், 2015ல அறிவியல் புனைகதைக்கு குடுக்கற ஹூகோ விருது வாங்குச்சு. அதே வருஷம் ஜனவரில சான் ஃப்ரான்சிஸ்கோ பஸ்ஸுல முஸ்லிம்களுக்கு எதிரா விளம்பரம் ஒட்டியிருந்தப்ப யாரோ அது மேல கமலா படத்த ஒட்டிட்டாங்க, சொந்த தொடர் ஆரம்பிச்சு ஒரு வருஷம் கூட ஆகாத கேரக்டருக்கு அவ்ளோ மரியாதை.

இப்ப 2019க்கு வரேன். புது எழுத்தாளர் சலாதீன் அகமது, இவரு ஏற்கனவே மார்வெல்ல பிளாக் போல்ட்னு ஒரு தொடர் எழுதி 2018ல காமிக்ஸுக்கு குடுக்கற ஐஸ்னர் விருது வாங்கினவரு, அதனால எதிர்பார்ப்பு எக்கச்சக்கம். பென்சில் மின்க்யூ ஜங், கலர் மட்டும் 2014லேருந்து இருக்கற அதே இயான் ஹெர்ரிங்.

மொதல் தொகுப்பு டெஸ்டின்ட், 1லேருந்து 6 வரைக்கும். ஆரம்பம் சூப்பர், எங்கயோ தூரத்து எதிர்காலத்துல வேத்துகிரக குழந்தைக்கு ராத்திரி தூங்கப் போகும்போது சொல்ற கதையா கமலா வாழ்க்கைய சொல்லுவாங்க, அந்த குழந்தை நடுநடுவுல கேள்வி கேக்கும், பழசு தெரியாதவங்களுக்கும் நாலே பக்கத்துல எல்லாம் புரிஞ்சுடும், இத விட நைசா அறிமுகம் பண்ண முடியாது. அதோட நின்னுருக்கலாம். அப்புறம் பாத்தா வேத்துகிரகத்துலேருந்து ஆளுங்க வந்து "நீதான் எங்க தீர்க்கதரிசனத்துல சொன்ன ரட்சகி"ன்னு இவளையும் அப்பா அம்மாவையும் சேத்து சாஃபாங்கற கிரகத்துக்கு கூட்டிட்டுப் போயிடறாங்க. அங்க ஒரு பெரிய வில்லன், படை, போர்.

எனக்கு இங்கதான் கடுப்பு. கமலாவோட அழகே அவ யாரும் தேர்ந்தெடுக்காத பொண்ணுங்கறதுதான், தெருவுல போற பனில தற்செயலா மாட்டினவ, யாரும் சொல்லாமலே போய் ஒருத்தர காப்பாத்தினவ. மொதல் தொடர்ல தண்ணில விழுந்தவள காப்பாத்தும்போது அப்பா சொல்லிக்குடுத்த குரான் வசனம் ஞாபகம் வரும், ஒரு உயிர காப்பாத்தினா மனுச குலத்தையே காப்பாத்தின மாதிரின்னு. காப்பாத்தறது யாரன்னா ஸ்கூல்ல இவள சீண்டற ஸோயிய. அவ்ளோதான் அந்த சீனு, ஆனா தொடரே அதுல நிக்குது. அவளப் போய் தீர்க்கதரிசனம், ரட்சகின்னு தூக்கி வெச்சா எந்த ஹீரோவ வேணா அந்த எடத்துல போடலாமே, கமலா எதுக்கு?

ஆனா ஒண்ணு, அந்த வேத்துகிரகத்துலயும் அப்பா அம்மா சீனெல்லாம் தூள். மக சூப்பர் ஹீரோன்னு ரெண்டு பேரு முன்னாடியும் வெளிப்படையா வருது, ராட்சச பூச்சி மாதிரி ஜந்துங்க சுத்தி நிக்கும்போதும் அம்மாவுக்கு மக பொய் சொன்னதுதான் பிரச்சினை. அக்கா பொண்ணு இத படிச்சுட்டு "மாமா இவங்க எங்க அம்மாவ நேர்ல பாத்துட்டு எழுதினாங்களா"ன்னு கேட்டா, அக்கா பக்கத்துலயே பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தாங்க, காதுல விழுந்துச்சு, அதுக்கு மேல அன்னைக்கு புக்கு படிக்க விடல.

இவ்ளோ நல்லா கட்டிட்டு கடைசில என்ன பண்ணாங்கன்னா (கதை தெரியக்கூடாதுன்னு நெனைக்கறவங்க இந்த பத்திய தாண்டிடுங்க) அப்பா அம்மா நினைவையே அழிச்சுட்டாங்க. ரெண்டு பேருக்கும் எதுவும் ஞாபகம் இல்ல. இதுல கொடுமை என்னன்னா அம்மாவுக்கு மக யாருன்னு 2015லயே தெரியும், மொதல் தொடர் கடைசில உலகமே அழியப்போற நேரத்துல எனக்கு முன்னாடியே தெரியும்னு அம்மா சொல்றது அந்த 19 இதழ்லயே உச்சமான எடம், நான் படிச்ச காமிக்ஸ்லயே அந்த மாதிரி அம்மா பொண்ணு சீன் கம்மி. அதையும் சேத்து இவரு அழிச்சுட்டாரு. ரகசியம் இருந்தாத்தான் கதை ஓடும்னு ஒரு பயம் இந்த கம்பெனிக்கு எப்பவும் உண்டு. டிவி சீரியல்ல கல்யாணம் ஆனவங்களுக்கு மறதி வியாதி வர வெச்சு மறுபடி மொதல்லேருந்து லவ் பண்ண வெப்பாங்க, அதேதான் இது.

படம் பத்தி. மின்க்யூ ஜங் கோடு ரொம்ப சுத்தம், சண்டைல யாரு எங்க நிக்கறாங்க, கை எவ்ளோ தூரம் நீளுதுங்கறது கண்ணுக்கு கஷ்டமே குடுக்காம ஓடும், முகபாவம் நல்லா வரும். ஆனா அல்ஃபோனா பின்னாடி வெக்கற குறும்பு இதுல இல்ல. பழைய தொடர்ல காலைல சாப்புடற சீரியல் டப்பா மேல கூட ஏதாவது நக்கல் எழுதியிருப்பாரு, கடை போர்டு, போஸ்டர், தெருவுல போற கிழவி, எல்லாத்துலயும் ஒரு விஷமம் இருக்கும், ரெண்டாவது தடவ படிக்கும்போதுதான் கண்ணுல படும். ஜங் பக்கத்துல பின்னணி பளிச்னு காலியா இருக்கு. ஜெர்சி சிட்டிங்கறது ஒரு ஊரா தெரியாம ஏதோ ஒரு தெருவா தெரியுது. கலர் அதே ஆளுங்கறதால அந்த வெதுவெதுப்பு மட்டும் கொஞ்சம் மிச்சம்.

ரெண்டாவது தொகுப்பு ஸ்டார்ம்ரேஞ்சர், 7லேருந்து 12. வாங்கினா இத வாங்குங்க. பூமிக்கு திரும்பியாச்சு, கமலாவுக்கு புது டிரெஸ் கெடச்சிருக்கு, நானோ சமாச்சாரம், தானா ஒடம்புல ஏறிக்கும், அப்புறம் அந்த டிரெஸ்ஸுக்கே சொந்தமா புத்தி வந்து இவளுக்கே எதிரியாகுது, இரக்கம்னா என்னன்னே தெரியாத ஒரு சிப்பாய் மாதிரி. அது பாட்டுக்கு ஓடட்டும், உண்மையான கதை அது இல்ல. அப்பா யூசுஃபுக்கு பெரிய வியாதி. கட்டில் சைஸுக்கு கை பெருசாகற பொண்ணு ஆஸ்பத்திரி வராண்டால சும்மா ஒக்காந்திருக்கா, அடிக்கறதுக்கு ஆள் இல்ல.

எங்க கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு இது வேற மாதிரி உறைக்கும்னு தோணுது. பக்கத்துல போலுப்பள்ளில மெடிக்கல் காலேஜ் 2022லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி பெருசா ஏதாவதுன்னா ராத்திரியோட ராத்திரி வண்டி புடிச்சு ஓசூர் தாண்டி பெங்களூர், இல்லன்னா தொப்பூர் கணவாய் எறங்கி சேலம், அந்த ஹைவே ரெண்டு பக்கமும் எங்க வீட்டு ஆளுங்களுக்கு மனப்பாடம். அம்மா ஒரு மாதிரி பேசாம ஆயிடுவாங்க, அண்ணன் தம்பிங்க தேவையில்லாத விஷயத்துக்கு சண்ட போடுவாங்க, யாராச்சும் ஒருத்தர் டீ வாங்கிட்டு வரேன்னு எழுந்து போயிட்டே இருப்பாங்க. சலாதீன் அகமது இத அப்படியே புடிச்சிருக்காரு. ஆமிர் இதுல கொஞ்ச எடம்தான் வர்றான், ஆனா எப்பவும் ஜோக்குக்கு வர்றவன் பொறுப்பா நிக்கறத பாக்கும்போது நல்லா இருக்கு, அவனுக்கு இப்ப டைஷான்னு பொண்டாட்டி, கைக்குழந்தைன்னு குடும்பமே ஆயிடுச்சு. அந்த விண்வெளி போர் ஆறு இதழ்ல வராத பதட்டம் இங்க ஒரு டாக்டர் ரூம விட்டு வெளிய வரும்போது வந்துடுது.

இந்த குடும்பம் எனக்கு அந்நியமா தெரியாததுக்கு இன்னொரு காரணம் எங்க தெரு. பழையபேட்டை பக்கம் வளந்தவன் நான், மேல பாத்தா சையத் பாஷா மலை, கீழ அக்கம் பக்கத்துல பாதி வீட்ல உருது, மீதி வீட்ல தமிழ், தெலுங்கு, கன்னடம். கமலா வீட்ல நடக்கற அத்தனையும் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் தெனம் கேட்டது, லேட்டா வந்த பொண்ணுக்கு விழற திட்டு, ரம்ஜானுக்கு வர்ற டிபன் கேரியர், கடைக்குட்டிக்கு மட்டும் அப்பா ரகசியமா குடுக்கற காசு. அமெரிக்க வாசகனுக்கு இது புது உலகம், அவனுக்கு வெளக்கி வெளக்கி எழுதணும். நமக்கு வெளக்கமே வேணாம். ஆனா அதனால சில எடத்துல இவங்க ரொம்ப பாடம் எடுக்கற மாதிரியும் தெரியும், பரவால்ல தாண்டிடலாம்.

மூணாவது தொகுப்பு அவுட்லாட், 13லேருந்து 18. இது கம்பெனி பல தொடர்ல ஒண்ணா நடத்தின ஒரு திருவிழா கதையோட ஒட்டு. கமலா படிக்கற கோல்ஸ் ஸ்கூல்ல ஒரு பெரிய விபத்து, அவளுக்கு பலமா அடி, அதனால 21 வயசுக்கு கீழ இருக்கறவங்க சூப்பர் ஹீரோ வேலை பாக்கக்கூடாதுன்னு அரசாங்கம் சட்டம் போடுது, அந்த சட்டத்துக்கு பேரே கமலா சட்டம். ஐடியா அட்டகாசம், சின்ன பசங்கள காப்பாத்தறோம்னு சொல்லி அவங்க வாயையே மூடறது, அதுவும் அடிபட்ட பொண்ணு பேர்லயே, அவ சம்மதம் இல்லாம. ஆனா அந்த விபத்து இந்த தொகுப்புல கெடையாது, அவுட்லாட்னு தனியா ஒரு இதழ் இருக்கு, அதுலதான் நடக்குது. மீதி பாதி சாம்பியன்ஸ்னு வேற ஒரு தொடர்ல போகுது. காசு குடுத்து வாங்கின புக்குல முக்கியமான சம்பவமே இல்லன்னா எப்படி இருக்கும்? போதாததுக்கு இது வெளிவந்த நேரம் 2020 மார்ச், கொரோனா, அமெரிக்காவுல அப்போ கடைக்கெல்லாம் புக்கு அனுப்பிட்டிருந்த டைமண்ட் கம்பெனி ஏப்ரல்லேருந்து புது புக்கு அனுப்பறதையே நிறுத்திட்டாங்க, கதை நடுவுல மாசக்கணக்குல தொங்கிச்சு. தொகுப்பா இப்ப படிச்சாலும் அந்த மூச்சு வாங்கல் தெரியும். இதுல அமுலெட்னு லெபனான் பூர்வீகத்துல ஒரு புது பையன் வர்றான், டியர்போர்ன் ஊர்க்காரன், கண் திருஷ்டி தாயத்துலேருந்து வந்த சக்தி, நல்ல கேரக்டர், சாதுவான பையன், இவனுக்கு இன்னும் எடம் குடுத்திருக்கலாம். 18ஆவது இதழோட தொடர் 2021 பிப்ரவரில முடிஞ்சுது.

டிவி சீரிஸ் பாத்துட்டு வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. 2022ல வந்த அந்த 6 எபிசோடுல சக்திய மாத்திட்டாங்க, காப்பு போட்டா கைலேருந்து வெளிச்சம் வரும், புக்குல அது இல்ல, நீளறதும் பெருசாகறதும்தான். பிரிவினை காலத்து பாட்டி கதையும் இவ்ளோ பெருசா புக்குல கெடையாது. அக்கா பொண்ணுக்கு சீரிஸ்ல வர்ற கமலாவத்தான் புடிச்சிருக்கு, எனக்கு புக்குதான், இந்த சண்ட வீட்ல இன்னும் ஓடுது. அதுல நடிச்ச இமான் வெல்லானியே 2023ல இன்னொரு ஆளோட சேந்து கமலா காமிக்ஸ் எழுதினாங்க, அது மறுபடியும் நம்பர் 1, கேக்கவே வேணாம். அதுக்கு முன்னாடி ஸ்பைடர்மேன் புக்குல இவள சாகடிச்சு, ரெண்டு மாசத்துல எழுப்பி, ம்யூட்டன்ட்டு, அதாவது பொறக்கும்போதே சக்திக்கான மரபணுவோட பொறந்தவன்னு சொல்லிட்டாங்க, அது தனி கோவம்.

எங்க வாங்கறதுன்னா, கிருஷ்ணகிரில எனக்கு தெரிஞ்சு இது வெக்கற கடை இல்ல, ரவுண்டானா பக்கம் இருக்கற புக் கடைங்கள்ல கைடும் நோட்டும்தான். பெங்களூர் போறவங்க இருந்தா சர்ச் ஸ்ட்ரீட் பழைய புக்கு கடைங்கள்ல தேடச் சொல்லுங்க, நோ நார்மல் அடிக்கடி கண்ணுல படும், மேக்னிஃபிசென்ட் கெடைக்கறது கஷ்டம். ஆன்லைன்ல வாங்கினா யாரு விக்கறாங்கன்னு பாத்து வாங்குங்க, எனக்கு ரெண்டாவது தொகுப்பு வெறும் பிளாஸ்டிக் கவர்ல மூலை மடங்கி வந்துச்சு, மாத்தி கேட்டதுக்கு ஸ்டாக் இல்லன்னு காச திருப்பிட்டாங்க, மறுபடி வேற ஆள்கிட்ட கூட காசு குடுத்து வாங்க வேண்டியதாச்சு. பேப்பர் தான் வேணும்னு இல்லாதவங்களுக்கு மார்வெல் அன்லிமிடெட் ஆப் இருக்கு, மாசம் 9.99 டாலர், நம்ம காசுக்கு எண்ணூறு ரூபாய்க்கு மேல வரும், ஒரு மாசம் கட்டினா போதும், ஸ்கூல் லீவுல 75 இதழையும் முடிச்சுட்டு நிறுத்திடலாம். போன்ல கட்டம் கட்டமா பெருசாக்கி காட்டும், ஆனா ரெண்டு பக்கத்துக்கு விரிச்சு வரைஞ்ச படமெல்லாம் போன்ல வீணாப்போகும், டேப்லெட் இருந்தா நல்லது.

இங்கிலீஷ் ரொம்ப கஷ்டம் இல்ல, ஒம்போதாவது பத்தாவது பசங்க தாராளமா படிக்கலாம், கெட்ட வார்த்தை ரத்தம் எதுவும் கெடையாது. சின்ன பசங்களுக்கு விண்வெளி பாகம்தான் புடிக்கும், அதையும் சொல்லிடணும், பக்கத்து வீட்டு ஆறாவது படிக்கற பையன் டெஸ்டின்ட மட்டும் வாங்கிட்டுப் போய் இன்னும் திருப்பித் தரல.

மார்க் கேட்டா டெஸ்டின்ட் அஞ்சுக்கு ரெண்டரை, ஸ்டார்ம்ரேஞ்சர் நாலு, அவுட்லாட் மூணு. 2014 தொடரோட மொதல் ரெண்டு மூணு தொகுப்ப படிச்சுட்டு நேரா ஸ்டார்ம்ரேஞ்சருக்கு போனாலும் ஒண்ணும் கெட்டுடாது, அந்த நானோ டிரெஸ் எங்கேருந்து வந்துச்சுன்னு மட்டும் குழப்பம் வரும், வேத்துகிரகத்துக்கு போன எடத்துல கெடச்சதுன்னு வெச்சுக்கோங்க. அவுட்லாட் வாங்கறதுன்னா அந்த தனி இதழ ஆப்ல மொதல்ல படிச்சுட்டு அப்புறம் 13ஆம் இதழ தொடுங்க.